தங்க நானோதுகள் கரைசல் நிலையாக இருக்கிறதா?

சிட்ரேட் பூசிய தங்க நானோதுகளுக்குச் சீட்டா மின்னழுத்தம் (துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டத்தைக் காட்டும் அளவு) மைனஸ் 35 மில்லிவோல்ட் வந்தால், கரைசல் நிலையானது என்று சொல்லப் போதுமா என்று பாளையங்கோட்டை மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

போதாது, தம்பி. அது தூய நீரில் எடுத்த அளவு. உப்பு சேர்ந்ததும் மின்விலக்கம் எட்டும் தூரம் குறுகி, துகள்கள் ஒட்டிக்கொள்ளும்.

சோடியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். மாதுளைச் சாறு போன்ற சிவப்பு, நாவற்பழ நீலமாக மாறினால் துகள்கள் திரண்டுவிட்டன. ஒளி உட்கவர் நிறமாலையில் 520 நானோமீட்டர் அருகே உள்ள முகடும் தாழ்ந்து அகலும். (அயோடின் கலந்த கடை உப்பு வேண்டாம்.) நம் ஊர்ப் போர்த் தண்ணீர் இன்னும் கடுமையான தேர்வு: பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அதே கால்சியம், சோடியத்தைவிட மிகக் குறைந்த செறிவிலேயே திரளவைக்கும்.

பாலிஎத்திலீன் கிளைக்கால் (PEG) என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுப் பூச்சுக்குச் சீட்டா பூஜ்யத்தை ஒட்டி வந்தாலும் பயமில்லை. அங்கே காப்பது மின்னூட்டம் அன்று, துகள்கள் நெருங்கவிடாமல் தடுக்கும் அந்தச் சங்கிலிகளின் நெரிசல்.