அருகிவரும் பாசியையும் எலியையும் ஒப்பிட முடியுமா?

முடியும். ஆனால் காரைக்குடி வளவு வீட்டு முற்றத்துப் பாசியையும் நெல் அறை எலியையும் மனதில் வைத்துக் கேட்டிருந்தால், கவலை வேண்டாம், இரண்டும் நம்மைவிடக் கெட்டி!

சேலம் பக்கத்துப் பாறைப் புதர்க்காட்டில் மட்டும் அறியப்பட்ட எல்விரா எலி, எந்த உயிரினத்துக்கு எவ்வளவு அழிவு ஆபத்து என்று படிப்படியாகப் பிரிக்கும் ஐயுசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. இமயமலையின் டகாக்கியா செராட்டோஃபில்லா பாசிக்கு அதே பட்டியலில் ஆபத்து இரண்டு படி குறைவு.

எலிக்குப் புதரும் பாறை இடுக்கும் போனால் பிழைப்பு போச்சு. பாசிக்கு வேரே கிடையாது, இலைப்பரப்பாலேயே நீரை உறிஞ்சும். முற்றத்துக் கல்லில் பாருங்கள்: சித்திரை வெயிலில் கருகிக் கிடப்பது, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் சில நிமிடங்களில் பச்சையாக விரியும். டகாக்கியாவோ மலைக் குளிருக்குப் பழகியது. அந்தக் குளிர் குறைந்தால் எலிபோல ஓடவும் அதற்குக் கால் இல்லை.