மும்பையில் வயசானவங்களைப் பார்த்துக்கிற வேலை: பியூரோவுக்குச் சரி சொல்றதுக்கு முன்னாடி

தங்கச்சி, நீங்க கேட்டது இதுதான்: பிளஸ் டூ முடிச்சு, கல்யாணமாகி இப்பதான் தாராவிக்கு வந்திருக்கீங்க. இந்தி அரைகுறை. பக்கவாதம் வந்த ஒரு பாட்டியை செம்பூர்ல 24 மணி நேரமும் கூட இருந்து பார்த்துக்கணும்னு ஒரு பியூரோவுல, அதாவது வீடுகளுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சியில, கூப்பிடறாங்க. முன் அனுபவம் இல்லாம போகலாமான்னு கேக்குறீங்க.

இந்தத் தொழிலுக்குத் தாராளமா வாங்க. ஆனா இந்த வீட்டுக்கு இப்போ போகாதீங்க. பக்கவாதம் வந்தவங்களைக் கையாளத் தெரியாம தொட்டா ரெண்டு பேருக்கும் அடிபடும். அக்குள்ல கைகொடுத்துத் தூக்குறதுதான் புதுசா வர்றவங்க எல்லாரும் செய்யிறது. செயலிழந்த பக்கத்துத் தோள் மூட்டைப் பிடிச்சு நிறுத்த அங்க தசைக்குப் பலம் இருக்காது, அதனால மூட்டு நழுவிடும். உங்களுக்கு முதுகு பிடிச்சுக்கும்.

சரியான முறை இப்படி. வீல்சேரை அவங்களோட பலமான பக்கத்துல, கட்டிலை ஒட்டிச் சாய்வா வைங்க. ரெண்டு பிரேக்கும் போட்டு, கால் பலகையை மடக்கிடுங்க. அவங்களை ஒருக்களிச்சுத் திருப்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, மெதுவா உட்கார வைங்க. உடனே எழுப்பக் கூடாது. படுத்தே இருந்தவங்களுக்கு உட்கார்ந்ததும் பிரஷர் இறங்கித் தலை சுத்தும், ஒண்ணு ரெண்டு நிமிஷம் பொறுக்கணும். பாதம் ரெண்டும் தரையில பதிஞ்சதும், தளர்ந்த முழங்காலுக்கு உங்க முழங்காலை அணைகொடுத்து, இடுப்புல கட்டின பெல்ட்டைப் பிடிச்சு எழுப்புங்க. திரும்பும்போது பாதத்தை எடுத்து வச்சுத் திரும்பணும், இடுப்பை முறுக்கக் கூடாது.

இதைப் படிச்சுக் கத்துக்க முடியாது, கையால செஞ்சுதான் வரும். அதுக்குத்தான் பயிற்சி. ஹெல்த்கேர் செக்டர் ஸ்கில் கவுன்சில் சான்றிதழ் தர்ற 'ஹோம் ஹெல்த் எய்ட்', 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' ரெண்டுல ஒண்ணைப் படிங்க, உங்க படிப்பு போதும். பிரதமர் கௌஷல் விகாஸ் திட்டத்துல நடக்கிற மையமா இருந்தா கட்டணம் கிடையாது. ஆஸ்பத்திரி வார்டுல நேரடிப் பயிற்சி உண்டான்னு சேர்றதுக்கு முன்னாடி கேளுங்க. வகுப்பறையோட முடிக்கிற இடம் வேண்டாம்.

முதல் வேலை 12 மணி நேர ஷிஃப்ட்டா இருக்கட்டும், நடமாடுற பெரியவங்க இருக்கிற வீடா இருக்கட்டும். 24 மணி நேர வேலையில ராத்திரித் தூக்கம் உத்தரவாதம் இல்ல. மறதி நோய் உள்ளவங்க பலருக்கு சாயங்காலம் ஆனாத்தான் பதற்றம் கூடும், ராத்திரியில எழுந்து நடப்பாங்க. பகல்லயும் நீங்க, ராத்திரியும் நீங்கன்னா மருந்து மாறிப்போறது அப்பத்தான் நடக்கும்.

பியூரோகிட்ட பேசும்போது, குடும்பம் மாசம் எவ்வளவு கொடுக்குது, உங்க கைக்கு எவ்வளவு வரும், கமிஷன் ஒரு தடவையா மாசாமாசமா, வார லீவு உண்டா, நோயாளி ஆஸ்பத்திரியில சேர்ந்தா அந்த நாள் சம்பளம் என்னன்னு கேட்டு எழுதி வாங்குங்க. போலீஸ் வெரிஃபிகேஷன் கேப்பாங்க, அது நியாயம். ஆதார், மார்க்ஷீட் நகல் கொடுக்கலாம். ஒரிஜினலை யார்கிட்டயும் விட்டு வைக்காதீங்க.

அதைவிட முக்கியம், எது உங்க வேலை, எது இல்லன்னு முதல் நாளே பேசி முடிக்கிறது. குளிப்பாட்டுறது, டயப்பர், ஊட்டுறது, நேரத்துக்கு மருந்து எடுத்துத் தர்றது, நடக்கவைக்கிறது, அவங்க துணி, அவங்க தட்டு உங்களுது. வீட்டுக்கே சமைச்சுப் பாத்திரம் தேய்க்கிறது உங்களுது இல்ல. ஊசி, டிரிப், சாப்பாடு கொடுக்க மூக்கு வழியாக் குழாய் போடுறது எல்லாம் நர்ஸ் வேலை. குழாய் கழண்டா நீங்க திரும்ப நுழைக்காதீங்க. மூச்சுக்குழாய்ல போயிடும், பால் நேரா நுரையீரலுக்கு இறங்கும். 'சின்ன விஷயம்தானே, நீயே போட்டுடு'ன்னு வீட்டுக்காரங்க சொல்லுவாங்க, மாட்டேன்னு சொல்லத் தெரியணும். பணம், நகை, ஏ.டி.எம். கார்டு எதையும் தொடாதீங்க. கடைக்கு அனுப்பினா பில்லை வச்சுக்கொடுங்க. வீட்டுல யாராவது தப்பா நடந்தா, 2013-ம் வருஷத்துப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டு வேலைக்கும் பொருந்தும், அவசரத்துக்கு 112.

படுக்கையிலேயே இருக்கிறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாத்தணும். ஏர்பெட் இருந்தாலும் இதை விடக் கூடாது. வால் எலும்பு, குதிகால், இடுப்பெலும்பு மூணையும் தினமும் பாருங்க. விரலால அமுக்கி எடுத்தும் சிவப்பு வெளுக்கலைன்னா புண் ஆரம்பிச்சிடுச்சு. அங்க தேய்க்காதீங்க, தேய்ச்சா உள்ள இன்னும் கிழியும். ஊட்டும்போது நிமிர்ந்து உட்காரணும், தாடை கொஞ்சம் கீழே இருக்கணும், முடிஞ்சு அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது. பக்கவாதத்துக்கு அப்புறம் கெட்டியா இருக்கிறதைவிடத் தண்ணிதான் அதிகம் புரையேறும்.

ரத்தத்துல சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போய் நினைவோட இருந்தா, 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலந்து கொடுத்து 15 நிமிஷத்துல திரும்பப் பாருங்க. நினைவு இல்லன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. சாப்பாடு, மருந்து, யூரின் அளவு, மோஷன், பிரஷர் எல்லாத்தையும் நேரம் போட்டு ஒரு நோட்டுல எழுதுங்க. நாளைக்கு ஒரு பழி வந்தா உங்களைக் காப்பாத்துறது அந்த நோட்டுதான்.

இந்திக்குப் பயப்படாதீங்க. தர்த் (வலி), சக்கர் (தலைசுத்தல்), உல்டி (வாந்தி), சூஜன் (வீக்கம்), பேஷாப் (சிறுநீர்) மாதிரி நோய்ச் சொற்கள் தெரிஞ்சா ஆரம்பிச்சிடலாம். மாட்டுங்கா, செம்பூர், முலுண்டுல எத்தனையோ தமிழ்க் குடும்பத்துப் பெரியவங்க இருக்காங்க. மறதி நோய் முத்தினா பலருக்குப் பின்னாடி கத்துக்கிட்ட பாஷைகள் முதல்ல நழுவும், தாய்மொழிதான் மிஞ்சும். அறுபது வருஷம் இந்தி பேசினவங்களும் தமிழ்ல தண்ணி கேக்கலாம். அந்த வீடுகளுக்கு உங்க தமிழ் ஒரு தகுதி, சம்பளம் பேசும்போது தயங்காம சொல்லுங்க.

பயிற்சி நடக்கிறப்பவே ஹெபடைட்டிஸ் பி (ரத்தம் வழியாவும் பரவுற கல்லீரல் தொற்று) தடுப்பூசியைத் தொடங்கிடுங்க. மூணு டோஸ்: முதலாவது போட்டு ஒரு மாசத்துல ரெண்டாவது, ஆறாவது மாசத்துல மூணாவது. மத்தவங்க போட்டுட்டு வச்ச இன்சுலின் ஊசி தவறி உங்க கையில குத்திட்டா பிதுக்காம ஓடுற தண்ணியில சோப்பு போட்டுக் கழுவிட்டு அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டா 72 மணி நேரத்துக்குள்ள தொடங்கியாகணும்.