கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் குழந்தையின் அசைவு குறையுமா?

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்ட தங்கைக்கு: மாதம் ஏற ஏற இடமில்லாமல் பிள்ளை அடங்கிவிடும் என்று உங்கள் மாமியார் சொல்வதை நம்ப வேண்டாம். உதை புரளலாக மாறலாம், அசைவு குறையக் கூடாது.

28 வாரத்துக்கு அப்புறம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழக்கம் வந்துவிடும். பெரும்பாலும் மாலையிலும் இரவிலும்தான் ஆட்டம் அதிகம். நடுவில் 20 முதல் 40 நிமிடம் தூங்கும். 90 நிமிடத்தைத் தாண்டுவது அபூர்வம். பத்து உதை எண்ணுவதைவிட, அந்த வழக்கம் மாறுகிறதா என்று பாருங்கள்.

சந்தேகமா? போனைத் தள்ளி வைத்துவிட்டு இடதுபக்கம் சாய்ந்து படுத்துக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு இல்லையென்றால், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அசைவே தெரியவில்லையா, அந்த இரண்டு மணி நேரமும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்குப் போனில் தகவல் தரும் உங்கள் நாட்டுச் சுகாதாரத் துறையின் மாம்கனெக்ட் சேவை 2014 முதல் இருக்கிறது, பொதுவான சந்தேகங்களுக்கு நல்லதுதான். இதற்கு மட்டும் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.