குச்சி துளிர்க்கிறது, வேர் மட்டும் வரவில்லையே, ஏன்?

கேள்வி: ரோஜா, செம்பருத்தி, மல்லிகைக் குச்சிகளை வெட்டி, மண்ணும் தொழுவுரமும் கலந்த தொட்டியில் நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி வருகிறேன். பத்து நாளில் துளிர் வருகிறது. ஒரு மாதத்துக்குள் துளிர் வாடி, குச்சியின் அடி கறுத்துவிடுகிறது. பிடுங்கிப் பார்த்தால் வேரே இல்லை. வேர் ஹார்மோன் பவுடர் கட்டாயம் வேண்டுமா, தேன் தடவினால் போதுமா? கறிவேப்பிலையையும் இப்படி வளர்க்கலாமா?

பதில்: அந்தத் துளிரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். குச்சிக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் மாவுச்சத்தையும் ஈரத்தையும் வைத்தே மொட்டு விரிந்துவிடும், அதற்கு வேர் தேவையில்லை. விரிந்த இலை தண்ணீரை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், கீழேயிருந்து இழுத்துக் கொடுக்க ஒன்றுமில்லை, இருப்பு தீர்ந்ததும் வாடிவிடும். ஆகவே வேர் வரும்வரை நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டுதான்: மேலே ஈரம் போகக் கூடாது, கீழே அழுகக் கூடாது. உங்கள் தொட்டியில் இரண்டுமே தலைகீழாக நடக்கிறது.

அடி கறுப்பது அழுகல். தொழுவுரம் கலந்த மண்ணில் நுண்ணுயிர்கள் ஏராளம், வெட்டுக்காயம் அவற்றுக்குத் திறந்த வாசல். போதாக்குறைக்கு இரண்டு வேளைத் தண்ணீர். வேர் உருவாக ஈரத்தோடு காற்றும் வேண்டும், மண் சேறாக இருந்தால் காற்று எங்கே நுழையும்? உரமே வேண்டாம். கழுவிய ஆற்று மணலும் தென்னை நார்க்கழிவும் சம பங்கு, அடியில் துளையுள்ள தொட்டி, அவ்வளவுதான். ஒரு கைப்பிடி கலவையை எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, ஆனால் கை நனைய வேண்டும்.

குச்சியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பச்சையாக வளையும் நுனியும் வேண்டாம், பட்டை தடித்த கிழட்டுக் கிளையும் வேண்டாம். ரோஜா என்றால் பூத்து முடிந்த கிளையில் பென்சில் பருமனுக்குப் பக்கமான பகுதி, செம்பருத்திக்கும் மல்லிகைக்கும் பாதி முற்றிய தண்டு, 10 முதல் 15 செ.மீ. நீளம் போதும். மொட்டோ பூவோ இருக்கும் குச்சி அந்தப் பூவுக்கே சத்தைச் செலவழிக்கும், அதைக் கிள்ளிவிடுங்கள். காலையில், செடி நீர் நிறைந்து நிற்கும்போது, சுத்தமான கத்தியால் ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள், பெரும்பாலான செடிகளில் கணுவை ஒட்டித்தான் வேர் எளிதில் கிளம்பும். கீழ்ப்புறம் சாய்வாகவும் மேல்புறம் நேராகவும் வெட்டிவிட்டால் எது தலை எது கால் என்ற குழப்பம் வராது. தலைகீழாக நட்டால் தேறுவது அரிது. அடி இலைகளை உருவிவிட்டு மேலே இரண்டு இலை வையுங்கள், அவை பெரிதாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடுங்கள். இலை முழுக்கவே வேண்டாம் என்று மொட்டையடிப்பதும் சரியல்ல, இலை தயாரிக்கும் உணவும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனும் வேருக்கு உதவுகின்றன.

நட்டதும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். வெயிலில் வைத்தால் பைக்குள்ளேயே வெந்துவிடும். அவ்வப்போது சற்றுத் திறந்து காற்று விடுங்கள், கலவை காயத் தொடங்கினால் மட்டும் தண்ணீர்.

ஹார்மோன் பவுடர் கட்டாயமில்லை, மல்லிகையும் செம்பருத்தியும் அது இல்லாமலே வரும். ரோஜாவுக்குப் பயன்படுத்தினால் நல்லது. அந்தப் பொடியில் பெரும்பாலும் இருப்பது ஐ.பி.ஏ. என்னும் ஆக்சின். கொஞ்சம் தனியே கொட்டி, ஈரமான அடியைத் தொட்டு, அதிகப்படியைத் தட்டிவிட்டு, முதலில் ஒரு குச்சியால் குழி போட்டு அதில் நடுங்கள், இல்லாவிட்டால் பொடி மண்ணோடு உரசிப் போய்விடும். அதிகம் அப்பினால் வேருக்குப் பதில் கருகல்தான் மிஞ்சும். தேன் கிருமியைக் கொஞ்சம் தடுக்கலாம், ஹார்மோன் செய்யும் வேலையை அது செய்யாது.

அப்புறம், பிடுங்கிப் பார்க்கும் பழக்கம்! அப்போதுதான் கிளம்பும் வேர் நூலைவிட மெல்லியது, ஒருமுறை இழுத்தாலே அறுந்துவிடும். இந்தச் செடிகளுக்கு 4 முதல் 6 வாரம் ஆகலாம், ரோஜா இன்னும் இழுக்கலாம். குச்சியை மிக லேசாக அசைத்தால் பிடிமானம் தெரியும், தொட்டியின் துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் சந்தேகமே இல்லை. அதன்பின் பையை ஒரே நாளில் கழற்றாமல் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகத் திறந்து பழக்கி, பிறகு உரமண்ணுக்கு மாற்றுங்கள். தொழுவுரத்துக்கு இடம் அங்கேதான்.

கடையில் வாங்கும் பெரிய பூ ரோஜாக்கள் பலவும் வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியவை. அவற்றின் குச்சி வேர்விட்டாலும் தாய்ச்செடி அளவுக்கு வீரியம் இல்லாமல் போகலாம், அது உங்கள் தவறல்ல.

கறிவேப்பிலைக் குச்சி வேர்விடுவது கடினம், அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். வளர்ந்த மரத்தின் வேரிலிருந்து பக்கத்தில் முளைக்கும் கன்றை வேரோடு வெட்டி எடுத்து நடுங்கள். இல்லையென்றால் நன்கு பழுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே விதையுங்கள், காய்ந்து கிடந்த விதைக்கு முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும்.