சி ப்ரோக்ராமுக்குள்ளயே லொகினோட ஒரு சின்ன வெப் சேர்வர் வைக்க முடியுமா?

கேள்வி இதுதான்: ரஸ்பெரி பைங்கிற சின்ன கம்ப்யூட்டர்ல ஓடுற ஒரு சி ப்ரோக்ராம் இருக்கு, அதுக்குள்ளயே சின்னதா ஒரு வெப் சேர்வர் வச்சு போன்ல இருந்து பாஸ்வேர்ட் அடிச்சு உள்ள வர்ற மாதிரி செய்யணும், அப்பாச்சி பிஎச்பி எதுவும் வேணாம், எதுல ஆரம்பிக்கிறது, லொகினை எப்படி வைக்கிறது?

முடியும், நல்லாவே முடியும். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில நான் எழுதிக் குடுத்த ப்ரோக்ராம் இப்படித்தான் ஓடிக்கிட்டிருக்கு. கொழுந்து வாட்டுற மாடியில சூடு எவ்வளவு, காத்துல ஈரம் எவ்வளவுன்னு சென்சார்ல படிச்சு, ஃபேனை எப்ப போடணும் எப்ப நிப்பாட்டணும்னு பாத்துக்குற ப்ரோக்ராம் அது, வெப் சேர்வரும் அதுக்குள்ளதான் லொகினும் அதுக்குள்ளதான், ஒரே ஒரு பைனரி. ஆனா சேர்வர் வைக்கிறது லேசான பகுதி, அதுக்கு லைப்ரரி இருக்கு. லொகினுக்குத்தான் நீங்க உக்காந்து யோசிக்கணும், ஏன்னா லைப்ரரியோட வர்ற லொகின் பாதி வேலைக்குத்தான் காணும்.

முதல்ல லைப்ரரி. தயவுசெஞ்சு ப்ரௌசர் அனுப்புறதை பிரிச்சு விளங்கிக்கிற எச்டிடிபி பார்சரை நீங்களே எழுதாதீங்க. சாக்கெட்டை திறந்து, வர்றதை படிச்சு, இடைவெளி பாத்து வெட்டி எடுத்தா ஒரு பின்னேரத்துக்குள்ள ஏதோ ஓடுற மாதிரி வந்துரும்தான், ஆனா ஹெடர் ரெண்டு துண்டா வந்தா என்ன செய்றது, கன்டென்ட் லென்த்துல ஒண்ணு சொல்லி அனுப்புறது வேறயா இருந்தா என்ன செய்றது, ஒருத்தன் கனெக்‌ஷனை திறந்து வச்சுக்கிட்டு எழுத்து எழுத்தா அனுப்பிக்கிட்டே இருந்தா என்ன செய்றதுன்னு எல்லாத்துக்கும் நீங்கதான் பதில் சொல்லணும், அதுவும் சி யில, ஒரு பஃபர் தவறினா முழு ப்ரோக்ராமும் அடுத்தவன் கையில. மத்தவங்க வருஷக்கணக்கா அடிபட்டு திருத்தின கோட் சும்மா கிடைக்கிறப்போ அதை எடுங்க.

மூணு பேரைச் சொல்றேன். மொங்கூஸ், ரெண்டே ஃபைல், உங்க ப்ரோஜெக்ட்ல போட்டு கம்பைல் பண்ணா முடிஞ்சுது, ஆனா லைசன்ஸ் ஜிபிஎல் 2 (ப்ரோக்ராமை அடுத்தவங்களுக்கு குடுத்தா சோர்ஸையும் குடுக்கணும்), இல்லன்னா காசு குடுத்து வாங்கணும். அது 2013 ல எம்ஐடி லைசன்ஸ்ல இருந்து மாறினப்போ பழைய கோட்ல இருந்து பிரிஞ்சு வந்ததுதான் சிவெட்வெப், அது இன்னமும் எம்ஐடி, அதனால உங்க சோர்ஸை வெளிய குடுக்க ஏலாதுன்னா இது தோது. மூணாவது க்னூ ஓட லிப்மைக்ரோஎச்டிடிபிடி, எல்ஜிபிஎல் (ஜிபிஎல்லை விட தளர்வானது), ரஸ்பெரி பையில ஏபிடி இன்ஸ்டோல்லயே வந்துரும். நான் எடுத்தது இதை. ஃபைல் சேர்வர் மாதிரி தானா எதையும் பரிமாறாது, ஒரு கோல்பேக், அதாவது நீங்க எழுதின ஃபங்ஷன் ஒண்ணு, குடுத்தா ரிக்வெஸ்ட் வர்றப்ப அதைக் கூப்பிடும், அவ்வளவுதான், மிச்சம் எல்லாம் உங்க இஷ்டம். எனக்கு அதுதான் புடிச்சது.

இதுல புதுசா வர்றவங்க எல்லாரும் முழிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. ஒரு ரிக்வெஸ்டுக்கு கோல்பேக் ஒரு தடவை மட்டும் வராது. ஹெடர் முடிஞ்சதும் முதல் தடவை, அப்புறம் போஸ்ட்ல (ஃபோர்மை அனுப்புற வகை ரிக்வெஸ்ட்) வந்த டேட்டா துண்டு துண்டா, கடைசியா சைஸ் 0 ன்னு ஒரு தடவை. ஒவ்வொரு துண்டையும் எடுத்து முடிச்சதும் அந்த சைஸை நீங்களே 0 ஆக்கி வைக்கணும், இல்லன்னா நீங்க இன்னும் படிக்கலன்னு அது நினைச்சுக்கும். லொகின் ஃபோர்ம் போஸ்ட்லதான் வரும்ங்கிறதால இதை விளங்கிக்காம லொகின் எழுத முடியாது. யூசர் நேமுக்கும் பாஸ்வேர்டுக்கும் இத்தனை பைட்டுக்கு மேல எடுக்க மாட்டேன்னு ஒரு அளவையும் இந்த இடத்துலயே வச்சிருங்க.

இப்ப லொகின். லைப்ரரியோடயே பேசிக், டைஜெஸ்ட்னு ரெண்டு வரும். பேசிக்ங்கிறது ஆர்எஃப்சி 7617 ங்கிற இன்டர்நெட் தர ஆவணத்துல இருக்கு, சேர்வர் 401, அதாவது லொகின் வேணும்னு, அனுப்பும், ப்ரௌசர் ஒரு பெட்டி காட்டும், பேரையும் பாஸ்வேர்டையும் பேஸ்64 ல மாத்தி ஒவ்வொரு ரிக்வெஸ்டோடயும் அனுப்பும். பேஸ்64 பூட்டு கிடையாது, யாரும் திருப்பி வாசிக்கலாம். டைஜெஸ்ட்ல பாஸ்வேர்ட் வயர்ல போகாது, சேர்வர் குடுக்குற நொன்ஸோட (ஒரு தடவைக்கான எண்) சேத்து ஹேஷ் பண்ணி (திருப்பி எடுக்க ஏலாத மாதிரி கலக்கி) அனுப்பும், ஆனா பெரும்பாலும் எம்டி5 ங்கிற பழைய பலவீனமான ஹேஷ், அதோட சேர்வர்ல பேர், ரெல்ம் (சேர்வர் தனக்கு வச்சுக்குற பகுதிப் பேர்), பாஸ்வேர்ட் மூணையும் சேத்து ஹேஷ் பண்ணதை வச்சிருக்கணும், அந்த ஃபைல் திருட்டுப் போனா பாஸ்வேர்டே போனதுக்கு சமம், ஏன்னா அதை வச்சே உள்ள வரலாம்.

நீங்க ஒரே ஆள், வீட்டுக்குள்ள, டிஎல்எஸ்ஸும் (வயர்ல போறதை பூட்டி அனுப்புற முறை) இருக்குன்னா பேசிக்கே காணும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு அது சரிவரல. கொழுந்து வாட்டுறது ராவு முழுக்க நடக்குற வேலை, ஷிஃப்ட் மாறும், மாடியில இருக்குற ஒரே போன் கைக்கு கை மாறும். பேசிக்ல லொகவுட்னு ஒண்ணு கிடையாது, ப்ரௌசரை மூடுற வரைக்கும் அது பாஸ்வேர்டை ஞாபகம் வச்சுக்கிட்டே இருக்கும், அதனால ராவு வந்தவர் செஞ்சதும் முன்னாடி இருந்தவர் பேர்லயே லொக்ல விழும். பெக்டரி வேலையைப் பாத்துக்குற டீமேக்கர் ஐயா காலையில கேக்குற முதல் கேள்வியே "தம்பி, ராவுல ஃபேனை நிப்பாட்டுனது யாரு?" அப்படிங்கிறதுதான். அதுக்கு நேர்மையா பதில் சொல்லணும்னா லொகவுட் வேணும், கொஞ்ச நேரம் தொடாம இருந்தா தானா வெளிய போடணும், அப்ப செஷன் குக்கிதான் (லொகின் ஆனதும் சேர்வர் குடுத்து, ப்ரௌசர் ஒவ்வொரு தடவையும் திருப்பிக் காட்டுற துண்டு) வழி.

செஷன்னதும் பயப்பட வேணாம், சி யில அது ஒரு சின்ன அரே. ஒவ்வொரு ஸ்ட்ரக்ட்லயும் டோக்கன், யூசர், கடைசியா வந்த நேரம், மூணுதான். பாஸ்வேர்ட் சரின்னா 32 பைட் ராண்டம் எடுத்து, ஹெக்ஸ் ஆக்கி, குக்கியா அனுப்புங்க. ராண்டத்துக்கு சி யோட ரேண்ட் ஃபங்ஷனை தொடவே கூடாது, நேரத்தை சீடா போட்டா ஒருத்தன் கணக்கு போட்டே கண்டுபுடிச்சிருவான், லினக்ஸ்ல கெட்ரேண்டம் இருக்கு, லிப்சோடியம்ங்கிற கிரிப்டோ லைப்ரரி போட்டீங்கன்னா அதுக்குள்ளயே ராண்டம்பைட்ஸ் இருக்கு. குக்கியில எச்டிடிபிஒன்லி (பக்கத்து ஸ்க்ரிப்ட் படிக்க ஏலாது), சேம்சைட் ஸ்ட்ரிக்ட் (வேற தளத்துல இருந்து வந்தா அனுப்பாது), டிஎல்எஸ் இருந்தா செக்யூர் (டிஎல்எஸ்ல மட்டும் அனுப்பும்), மூணும் போடுங்க.

நேரம்னு சொன்னேன்ல, அங்க நம்ம பக்கத்துக்காரங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. மழை நாள்ல கரண்ட் போய்ப் போய் வர்றது நமக்கு புதுசில்ல, பழைய ரஸ்பெரி பை மொடல்கள்ல பற்றரியோட கடிகாரம் கிடையாது, 5 ல தான் ஆர்டிசியே வந்துச்சு. கரண்ட் வந்து பை எழும்புறப்ப அதோட நேரம் பின்னாடி இருக்கும், நெட் கிடைச்சதும் திடீர்னு முன்னாடி பாயும். சுவர்க் கடிகார நேரத்தை வச்சு செஷன் காலாவதி கணக்கு போட்டீங்கன்னா அந்தப் பாய்ச்சல்ல எல்லாரும் வெளிய விழுவாங்க, நேரம் பின்னாடி போனா முடிய வேண்டிய செஷன் முடியாமயே கிடக்கும். அதனால க்ளொக் மொனோடோனிக் எடுங்க, அது முன்னாடி மட்டும்தான் போகும். குக்கியிலயும் எக்ஸ்பயர்ஸ் தேதி போடாம மேக்ஸ் ஏஜ்னு விநாடிக் கணக்கு போடுங்க. செஷன் டேபிளை எஸ்டி கார்ட்ல எழுதாதீங்க, ரேம்லயே கிடக்கட்டும், கரண்ட் போனா எல்லாரும் மறுபடி லொகின் பண்ணா போச்சு.

பாஸ்வேர்டை வைக்கிறதுக்கு லிப்சோடியத்துல கிரிப்டோ பிடபிள்யூஹேஷ் எஸ்டிஆர்னு ஒரு ஃபங்ஷன், உள்ள ஆர்கொன்2, 2015 ல பாஸ்வேர்ட் ஹேஷிங் போட்டியில ஜெயிச்சது. சோல்ட்டையும் (ஒவ்வொரு பாஸ்வேர்டோடயும் சேக்குற ராண்டம் துண்டு) அதுவே போட்டு ஒரு ஸ்ட்ரிங்கா குடுத்துரும், அதை ஒரு ஃபைல்ல வைங்க, ஓடுற யூசரைத் தவிர யாரும் படிக்க ஏலாத மாதிரி. இன்டர்அக்டிவ் அளவுல வச்சாலே ஒரு தடவை சரி பாக்க 64 எம்பி மெமரி கேக்கும். பை சீரோவுல மொத்தமே 512 எம்பி, பத்து பேர் ஒரே நேரத்துல லொகின் அடிச்சா மெஷின் மூச்சு முட்டிரும். அதனால நான் லைப்ரரியை அதோட சொந்த த்ரெட் ஒண்ணே ஒண்ணுல ஓட விட்டுட்டேன், லொகின் எல்லாம் வரிசையில ஒண்ணு ஒண்ணாத்தான் நடக்கும். இன்னொரு நல்லதும் இருக்கு, ஹேஷ் பண்ண கொஞ்ச நேரம் எடுக்கும், அந்த நேரத்துல சென்சார் படிக்கிற லூப் நிக்கக் கூடாது, யாரோ லொகின் பண்றாங்கன்னு கொழுந்துக்கு காத்து நிக்கக் கூடாதில்லயா. ரெண்டு த்ரெட்டும் பங்கு போட்டுக்குற ஸ்ட்ரக்டுக்கு ஒரு மியூடெக்ஸ், பூட்டி, கொப்பி எடுத்து, உடனே திறந்துருங்க, பூட்டை வச்சுக்கிட்டு ஹேஷ் பண்ணாதீங்க.

இப்ப சொல்லப் போறதுக்காகத்தான் இந்தப் பதிலையே எழுத உக்காந்தேன். சி யில லொகின் எழுதுறவங்க எல்லாரும் இன்டெல்லோட ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னோலொஜி கதையை (ஏஎம்டி கம்பெனி இல்ல) தெரிஞ்சு வச்சிருக்கணும். கம்ப்யூட்டரை தூரத்துல இருந்து நிர்வாகம் பண்ண இன்டெல் சிப்செட்டுக்குள்ளயே வச்ச ஒரு வெப் சேர்வர் அது, 16992 போர்ட்ல கேக்கும், டைஜெஸ்ட் லொகின். 2017 மே மாசம் வெளிய வந்த விஷயம் என்னன்னா, ப்ரௌசர் அனுப்பின ஹேஷையும் சேர்வர் கணக்கு போட்ட ஹேஷையும் எஸ்டிஆர்என்சிஎம்பி (முதல் இத்தனை எழுத்தை மட்டும் ஒப்பிடுற சி ஃபங்ஷன்) ல ஒப்பிட்டிருக்காங்க, எத்தனை எழுத்து ஒப்பிடணும்ங்கிற நீளத்தை வந்த ஹேஷோட நீளத்துல இருந்தே எடுத்திருக்காங்க. அப்ப வெறும் ஸ்ட்ரிங் அனுப்பினா? நீளம் 0. பூஜ்ஜியம் எழுத்தை ஒப்பிட்டா எப்பவும் சமம்தான். பேர் அட்மின், ஹேஷ் காலி, கதவு திறந்துருச்சு. பாதுகாப்பு ஓட்டைகளுக்கு குடுக்குற நம்பர் இருக்கே, அதுல சிவிஇ 2017-5689 ன்னு தேடினா வரும். அவ்வளவு பெரிய கம்பெனி, எத்தனையோ மெஷின்ல ஓடினது, தப்பு ஒரே ஒரு ஆர்கியுமென்ட்ல.

அதனால ஒப்பிடுறதுக்கு முன்னாடி நீளத்தை பாருங்க, நீங்க எதிர்பார்த்த நீளம்தானான்னு, டோக்கன் 64 ஹெக்ஸ் எழுத்துன்னா 64 ஏதான் இருக்கணும், இல்லன்னா அங்கயே வெளிய. அப்புறம் லிப்சோடியத்தோட சோடியம் மெம்சிஎம்பி ல ஒப்பிடுங்க, அது எங்க வித்தியாசம் வந்தாலும் ஒரே நேரம்தான் எடுக்கும், நேரத்தை அளந்து எழுத்து எழுத்தா கண்டுபுடிக்க வழி இருக்காது. செஷன் டேபிள்ல காலியா கிடக்குற இடங்களையும் மறந்துராதீங்க, டோக்கன் முழுக்க சைபரா இருக்குற வெத்து ஸ்லொட் ஒண்ணு, சைபரா வர்ற குக்கியோட பொருந்திரக் கூடாது, பாவனையில இருக்கான்னு தனியா ஒரு கொடி வச்சு அதை முதல்ல பாருங்க.

அடுத்தது, செக் பண்ற இடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும், பெக்டரி கேட்டுல நிக்கிற வாச்சர் மாதிரி. ஒவ்வொரு பக்கத்து ஃபங்ஷனுக்குள்ளயும் லொகின் இருக்கான்னு தனித்தனியா கேட்டு எழுதினா, ஆறு மாசம் கழிச்சு புதுசா ஒரு பக்கம் சேக்கிறப்ப அங்க விட்டுப் போயிரும். கோல்பேக்கோட தலையிலயே குக்கியை பாருங்க, லொகின் பக்கத்தைத் தவிர எதுக்கும் செஷன் இல்லாம பதில் கிடையாது. பேர் தெரியாத யூஆர்எல்லுக்கும் முதல்ல 401 தான், 404 (அப்படி ஒரு பக்கம் இல்ல) அப்புறம்.

ஃபேனை போடுற நிப்பாட்டுற வேலையெல்லாம் போஸ்ட்ல மட்டும் வைங்க. கெட்ல (பக்கத்தை வெறுமனே கேக்குற ரிக்வெஸ்ட்) வச்சா, வேற எங்கயோ ஒரு பக்கத்துல படம் மாதிரி அந்த விலாசத்தை ஒளிச்சு வச்சாலே போன் தானா கூப்பிட்டுரும், சேம்சைட் ஒரு பக்கம் காப்பாத்தும்தான், ஆனா ஒண்ணையே நம்பிக்கிட்டு இருக்க வேணாம். எச்டிஎம்எல் ஃபைலை டிஸ்க்ல இருந்து பரிமாறாதீங்க, புள்ளி புள்ளி ஸ்லேஷ் போட்டு மேல ஏறி பாஸ்வேர்ட் ஃபைலை எடுக்குற வித்தை அங்கதான் வேலை செய்யும். பைனரிக்குள்ளயே வைங்க, எக்ஸ்எக்ஸ்டிங்கிற கருவியில ஐ ஒப்ஷன் போட்டா ஃபைல் சி அரேயா மாறிரும், புது கம்பைலர்னா சி23 ல எம்பெட்டே இருக்கு.

வயர் பக்கம் சுருக்கமா. ரவுட்டர்ல போர்ட் திறந்து இன்டர்நெட்டுக்கு நேரா காட்டாதீங்க, தூரத்துல இருந்து பாக்கணும்னா வயர்கார்ட்ங்கிற விபிஎன் போடுங்க, 2020 ல வந்த லினக்ஸ் 5.6 ல இருந்து கேர்னலுக்குள்ளயே இருக்கு. உள்ளுக்கும் டிஎல்எஸ் வேணும், வைஃபை பாஸ்வேர்ட் எத்தனை பேருக்கு தெரியும்னு நினைச்சுப் பாருங்க. லிப்மைக்ரோஎச்டிடிபிடி ல ஒரு ஃப்ளாக், சாவியையும் சேர்டிஃபிக்கேட்டையும் மெமரியில குடுத்தா சரி, சொந்தமா ஒரு சிஏ (சேர்டிஃபிக்கேட்டுக்கு கையெழுத்து போடுறது) செஞ்சு பாவிக்கிற போன்கள்ல மட்டும் போட்டுருங்க. கனெக்‌ஷன் டைம்அவுட், கனெக்‌ஷன் எண்ணிக்கைக்கு ஒரு எல்லை, ரெண்டும் ஸ்டார்ட் பண்றப்பவே குடுங்க. சிக்பைப்பை (அறுந்து போன தொடர்புல எழுதினா வர்ற சிக்னல்) இக்னோர் பண்ணி ஒரு வரி மெயின்ல போடுங்க, வைஃபை விட்டு யாரோ நகர்ந்து போனதுக்காக ப்ரோக்ராம் சாகக் கூடாது. ரூட்டா ஓட்டாதீங்க, 8443 மாதிரி ஒரு போர்ட்னா ரூட் தேவையே இல்ல.

எல்லாம் எழுதி முடிச்சதும் கேர்ல்ல (டெர்மினல்ல இருந்து யூஆர்எல்லை கூப்பிடுற கருவி) ஒரு சின்ன ஷெல் ஸ்க்ரிப்ட் எழுதுங்க. உங்க ப்ரோக்ராம்ல இருக்குற ஒவ்வொரு யூஆர்எல்லையும் குக்கி இல்லாம ஒரு தடவை, காலி குக்கியோட ஒரு தடவை, 64 சைபரோட ஒரு தடவை, லொகவுட் ஆன பழைய டோக்கனோட ஒரு தடவை கூப்பிடணும், லொகின் பக்கத்தைத் தவிர எதுக்காவது 200 (சரிங்கிற பதில்) வந்தா, பில்ட் பண்ற மேக் அங்கயே நிக்கணும். அட்ரஸ் சேனிடைசரோட (மெமரித் தப்பை புடிக்கிற கம்பைலர் வசதி) கம்பைல் பண்ண பைனரி மேலதான் இதை ஓட்டணும், பையில போடுறதை அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.