கம்பெனி செட்டைக் கழற்றலாமா?

கேள்வி: என்னிடம் 2015 மாடல் ஸ்விஃப்ட் இருக்கிறது. வண்டியோடு வந்த மியூசிக் செட் நன்றாகத்தான் பாடுகிறது. ஆனால் மேப் பார்க்கத் திரை இல்லை, ரிவர்ஸ் கேமராவும் வேண்டும். ஆன்லைனில் 9 அங்குல ஆண்ட்ராய்டு செட் 8,000 ரூபாய். சென்னை ஜி.பி. ரோட்டுக் கடையில், பெயருள்ள கம்பெனியின் 7 அங்குல செட்டுக்கு 22,000 சொல்கிறார்கள். பார்த்தால் 8,000 ரூபாய் செட்தான் பெரிதாக, பளிச்சென்று இருக்கிறது. எதை வாங்கலாம்? - வில்லிவாக்கம் வாசகர்

பதில்: ‘ஆண்ட்ராய்டு செட்’ வேறு, ‘ஆண்ட்ராய்டு ஆட்டோ’ வேறு. கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் குழப்பம் வருகிறது.

ஆண்ட்ராய்டு செட் என்பது டேஷ்போர்டில் பதித்த ஒரு டேப்லெட். அதற்கென்று பிராசஸர், ரேம் எல்லாம் உண்டு. மேப் ஓட வேண்டுமென்றால் அதற்குத் தனியாக நெட் வேண்டும். போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது சிம் போடும் வசதி இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு ஆட்டோ அப்படி இல்லை. வேலை முழுவதையும் உங்கள் போன் செய்யும், செட்டின் திரை அதைக் காட்ட மட்டும் செய்யும். ஐபோன்காரர்களுக்கு இதே வேலையை ஆப்பிள் கார்பிளே செய்கிறது. நீங்கள் கேட்பது மேப், பாட்டு, கேமரா. இந்த மூன்றுக்கும் செட்டுக்குள் ஒரு டேப்லெட் தேவையில்லை. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை போனை மாற்றிவிடுவீர்கள், டேஷ்போர்டில் இருப்பதை மாற்ற மாட்டீர்கள். 2 ஜிபி ரேம் உள்ள டேப்லெட் இன்று கடையில் வேகமாகத்தான் தெரியும். இரண்டு வருடம் கழித்து, பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்த பிறகும் மேப் திறந்துகொண்டே இருக்கும். அதனால், ஆண்ட்ராய்டு ஆட்டோ இருக்கும்பட்சத்தில் என் ஓட்டு 22,000 ரூபாய் செட்டுக்கு. அந்தப் பணம் இப்போது இல்லையென்றால் ஆறு மாதம் போனை ஒரு ஹோல்டரில் மாட்டி ஓட்டுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்களை நம்பி முடிவு செய்யாதீர்கள். ‘50 வாட் x 4’ என்று எல்லா செட்டிலும் இருக்கும். செட்டின் பின்பக்கம் பியூஸைப் பாருங்கள், பெரும்பாலும் 10 ஆம்பியர்தான் இருக்கும். பேட்டரி 12 வோல்ட். பெருக்கினால் 120 வாட். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் என்று வைத்தாலும் 140. உள்ளே போவதே அவ்வளவு என்றால் வெளியே 200 எப்படி வரும்? உண்மையில் ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட்தான் தொடர்ந்து வரும், குடும்பத்தோடு பாட்டுக் கேட்க அது போதும். ரேம், ஆண்ட்ராய்டு பதிப்பு ஆகியவற்றிலும் இதே கதை. செட்டிங்ஸ் பக்கத்தில் 13 என்று காட்டும்படி எழுதிவைத்துவிட்டு, உள்ளே பழைய 10 ஓடும் செட்டுகள் சந்தையில் உண்டு.

இனி அளவு. கார் செட்டுகளுக்கு ஜெர்மனியில் பிறந்த ‘டின்’ என்ற அளவுமுறை இருக்கிறது. சிங்கிள் டின் என்றால் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். டபுள் டின் அதே அகலம், 100 மி.மீ. உயரம். 7 அங்குலத் திரைகள் பெரும்பாலும் டபுள் டின் குழிக்குள் உட்காரும். 9 அங்குலம் குழிக்குள் போகாது, முகப்பில் துருத்தி நிற்கும். எந்தத் திரையாக இருந்தாலும் உங்கள் வண்டியின் மாடலுக்கென்று செய்த பிரேம் வேண்டும். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று தரும் பிரேமை அரம் போட்டுத் தேய்த்துத்தான் மாட்டுவார்கள். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் அது கிறீச்சிடும்.

ஆனால் உண்மையான செலவும் சிக்கலும் அந்தப் பெட்டிக்குப் பின்னால், ஒயரில்தான். முதல் காரில் நானே பட்டிருக்கிறேன். மாட்டியவர் கம்பெனி ஒயரை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது, நானும் கெட்டிக்காரர் என்று நினைத்தேன். இரண்டு கோடை போனது. வெயிலில் டேப்பின் பசை உருகி, ஒயர் ஒன்றோடொன்று உரசி, ஒருநாள் பாட்டோடு சேர்ந்து பியூஸும் போனது. அந்த வண்டியை விற்கும்போது பழைய செட்டைத் திரும்பப் போடலாம் என்றால் சொருக வேண்டிய கப்ளரே (ஒயர் முனையில் இருக்கும் இணைப்பான்) இல்லை, வெட்டிக் குப்பையில் போட்டாயிற்று.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது, “இந்த வண்டிக்குக் கப்ளர் இருக்கா?” என்பது. ஒரு முனை வண்டியின் ஒயரில் சொருகும், மறுமுனை புதிய செட்டில். சில நூறு ரூபாய் பொருள்தான். இல்லை, வெட்டித்தான் போடணும் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். ஜி.பி. ரோட்டில் அடுத்த கடைக்குப் பத்து அடிகூட நடக்க வேண்டாம்.

காசு கொடுக்கும் முன் வண்டியிலேயே சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. ஸ்டீயரிங்கில் வால்யூம் பட்டன் இருந்தால் அது வேலை செய்கிறதா பாருங்கள். பல மாருதி வண்டிகளில் செட்டுக்கு அதைப் ‘பழக்கிக்’ கொடுத்தால் போதும், சில கார்களில் பட்டனின் சிக்னலை செட்டுக்குப் புரியவைக்க கேன்பஸ் டீகோடர் என்று தனிப் பெட்டி தேவைப்படும். எஃப்.எம். போட்டுக் கேளுங்கள். கூரை ஆன்டெனாவுக்குள் சிறிய ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதற்கு நீல ஒயரிலிருந்து மின்சாரம் போக வேண்டும். அதை விட்டுவிட்டால் இரைச்சல்தான் வரும், செட்டின் மேல் பழி விழும். ரிவர்ஸ் கியர் போட்டதும் கேமரா வருகிறதா என்பதையும் பாருங்கள். பின்பக்கம் ரிவர்ஸ் விளக்கிலிருந்து ஒரு ஒயர் முன்னால் வரை வந்திருக்க வேண்டும். கேமராவின் வகையும் செட்டின் அமைப்பும் ஒத்துப்போகாவிட்டால் திரை கறுப்பாகவே நிற்கும்.

கழற்றிய பழைய செட்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். “இதை வெச்சு என்ன சார் பண்ணப் போறீங்க” என்பார்கள். வீட்டுக்கு எடுத்துவந்து துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள்.

கேள்வி: புது செட் போட்டு ஒரு வாரம். இரண்டு முறை காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? - நாமக்கல் வாசகர்

பதில்: அவசரப்படாதீர்கள். செட்டுக்குப் பின்னால் மஞ்சள் ஒயர், சிவப்பு ஒயர் என்று இரண்டு இருக்கும். மஞ்சளில் எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டும், கடிகாரம், ரேடியோ நிலையங்கள் ஆகியவற்றின் நினைவுக்காக. சிவப்பில் சாவி போட்ட பிறகுதான் வர வேண்டும். வேலை சுலபம் என்று இரண்டையும் ஒன்றாக முறுக்கி பேட்டரியில் கொடுத்துவிட்டால், நீங்கள் வண்டியைப் பூட்டிய பிறகும் செட் உள்ளே விழித்திருக்கும். அது ஒரு ஆம்பியர் இழுத்தாலும் பத்து மணி நேரத்தில் 10 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) போய்விடும். சிறிய கார்களின் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர் அளவுதான். ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சாவியை எடுத்த நிலையில் மீட்டர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி முழுவதும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். சிவப்பு ஒயரை மாற்றிக் கொடுப்பது மாட்டிய கடையின் வேலை, அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

(இதற்கு நேர்மாறாக, ஒவ்வொரு முறையும் செட் எல்லாவற்றையும் மறந்துபோனால் மஞ்சளுக்கும் சாவியின் மின்சாரமே போகிறது என்று அர்த்தம்.)

கேள்வி: புது வண்டி எடுத்து இரண்டு மாதம். கீழ் மாடல் என்பதால் செட் இல்லை. வெளியே போட்டால் மொத்த வாரண்டியும் போய்விடும் என்கிறார் ஷோரூம்காரர். அவரிடமே போட்டால் 9,000 ரூபாய் கூடுதல். என்ன செய்ய? - மதுரை வாசகர்

பதில்: ‘மொத்த வாரண்டியும்’ என்று அவர் சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு மெயில் போதும். பெரும்பாலும் அந்த மெயில் வராது. வாரண்டி புத்தகங்களில் வழக்கமாக இருப்பது, கம்பெனி ஏற்காத பொருளைப் பொருத்தியதாலோ ஒயரிங்கை மாற்றியதாலோ வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்ற வரி. உங்கள் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். ஸ்பீக்கர் மாற்றியதற்காக கியர்பாக்ஸ் வாரண்டி போகும் என்று ஒருவர் சொன்னால், இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று அவர்தான் காட்ட வேண்டும். ஆனால் ஒயரை வெட்டியிருந்தால், நாளை மின்சாரம் தொடர்பான எந்தக் கோளாறு வந்தாலும் அந்த வெட்டைக் காட்டிக் கைவிரிப்பார்கள். அந்தச் சண்டையில் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

வாரண்டிக் காலம் முடியும்வரை ஷோரூமிலேயே போடுங்கள் என்பதே என் யோசனை. 9,000 கூடுதலை அப்படியே கொடுக்க வேண்டாம், அக்சஸரீஸ் பிரிவில் பேரம் பேச இடமுண்டு. மாத இறுதியில் போய்ப் பேசிப் பாருங்கள்.

யாரும் சொல்லாத இன்னொன்று இன்ஷூரன்ஸ். வண்டியின் விலையில் சேராத மின்சாதனங்களை பாலிசியில் தனியாகச் சேர்க்க வேண்டும். அவற்றின் மதிப்பில் வழக்கமாக 4 சதவீதம் கூடுதல் பிரீமியம், அதாவது 20,000 ரூபாய் செட்டுக்கு வருடம் 800 ரூபாய். சேர்க்காமல் விட்டால், விபத்தில் திரை உடைந்தாலோ திருடு போனாலோ கைக்கு ஒன்றும் வராது. பில் இருந்தால்தான் சேர்க்கவே முடியும்.

கேள்வி: ஜப்பானில் இருந்து இறக்கின டொயோட்டா விட்ஸ் கார் வாங்கினேன். பற்றரி மாற்றின பிறகு செற் ஜப்பான் மொழியில் ஏதோ இலக்கம் கேட்டுக்கொண்டு நிற்கிறது. எஃப்.எம். முதலே 90க்கு மேலே போகாது. இலக்கம் எடுத்துத் தர ஒருவர் காசு கேட்கிறார். குடுக்கலாமா? - யாழ்ப்பாண வாசகர்

பதில்: டொயோட்டாவின் ஜப்பானிய செட்டுகள் பலவற்றில் திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. பற்றரியைக் கழற்றினால் விழும். காசு கொடுத்துத் திறந்தாலும் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஜப்பான் மெனுவும் ஜப்பான் வரைபடமும்தான். அங்கே எஃப்.எம். வெகுகாலம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை, உங்கள் நாட்டு நிலையங்களோ 88 முதல் 108க்குள். ‘பேண்ட் எக்ஸ்பேண்டர்’ என்று ஒன்றை இடையில் போடலாம், ஆனால் திரையில் வேறு எண் காட்டும், தெளிவும் குறையும். அந்தக் காசைப் புதிய செற்றில் போடுங்கள்.

டொயோட்டாவின் குழி 200 மி.மீ. அகலம் என்பதால் சாதாரண 180 மி.மீ. செற்றைப் போட்டால் இரண்டு பக்கமும் சந்து தெரியும். அதற்கான பக்கப் பட்டி வேண்டும். கப்ளர் ஆயத்தமாகவே கிடைக்கும். வண்டியோடு வந்த பின்கமெராவைப் புதிய செற்றில் இணைக்கும்போது மட்டும் கவனம். சில டொயோட்டா கமெராக்கள் 6 வோல்ட்டில் ஓடுபவை. நேராக 12 கொடுத்தால் அது எரிந்துபோகும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய செட்டில் 4 ஜிபி ரேம் என்று போட்டிருந்தது. பார்த்தால் 2தான். மூன்றாம் மாதம் டச்சும் போய்விட்டது. விற்றவர் ‘மாட்டிய கடையின் தவறு’ என்கிறார், கடை ‘செட்டே மட்டம்’ என்கிறது. - சேலம் வாசகர்

பதில்: ரேம் குறைவாக இருப்பதற்கு மாட்டியவர் எப்படிப் பொறுப்பாவார்? அதை முதலில் பிடியுங்கள். விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை மாற்றிவிடுவார்கள். சிபியு-இசட் போன்ற ஆப்பை செட்டில் போட்டு, அது காட்டும் ரேமைப் படம் எடுங்கள். பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி இருக்கும், அதையும். இவற்றோடு தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பல வழக்குகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது சேலத்திலேயே புகார் தரலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

மாட்டிய கடையில் பில் வாங்கினீர்களா என்று எழுதவில்லை. வாங்கியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டும் பில் தர மறுப்பது அதே சட்டத்தில் முறையற்ற வணிகம். இப்போதும் போய்க் கேளுங்கள், செட்டை மாட்டிய அன்றைய தேதி போட்டே. பில் தரமாட்டேன் என்றால் குறைந்தது பணம் கட்டிய யு.பி.ஐ. பதிவையாவது அழிக்காமல் வையுங்கள்.