காற்றின் மேல் போட்ட பழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்து ஆண்டுகளாக மண்பாண்டம் வனைகிறேன். சென்ற ஆண்டு முதல் ஒரு பொதுக் களிமண் கூடத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். எட்டு வாரப் பயிற்சி. பத்துப் பேர், ஐந்து சக்கரங்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே மின்சூளை. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டுக் களைப்போடு வருகிறவர்கள். ஆனாலும் ஆசையாக வருகிறார்கள். யாருடைய மண்ணாவது சக்கரத்தில் ஆட ஆரம்பித்தால் ஓடிப்போய் என் கையை வைத்துச் சரிசெய்துவிடுவேன். எட்டாவது வாரம் எல்லோரும் நல்ல கிண்ணங்களோடு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களே அடுத்த பயிற்சிக்கு வந்தால், தனியாக ஒரு கிண்ணம் வனைய முடிவதில்லை.

இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. போன மாதம் ஒரு பெண் கையாலேயே தடிமனாகச் செய்த குவளை முதல் சூட்டிலேயே சூளைக்குள் வெடித்துவிட்டது. பக்கத்தில் இருந்த மூன்று பாத்திரங்களும் போயின. "மண்ணைச் சரியாகப் பிசையவில்லை, உள்ளே காற்றுக் குமிழி இருந்திருக்கும்" என்று அவரிடம் சொன்னேன். எல்லோரும் சுற்றி நிற்கும்போது சொன்னேன். அதன் பிறகு அவர் வரவில்லை. கற்றுக்கொடுக்க எனக்குத் தகுதி இருக்கிறதா?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தோழிக்கு,

தகுதியைப் பற்றி இப்போது பேச வேண்டாம். உங்கள் கையைப் பற்றிப் பேசுவோம்.

எனக்கு வனையக் கற்றுக்கொடுத்தவர் வகுப்பு முழுவதும் ஒரு துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நடப்பார். கை துடைக்க வைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் வகுப்பு எடுக்கத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது, அது அவர் தன் கையைத் தானே கட்டிப்போட்டுக்கொள்ளும் வழி. அவ்வளவு கஷ்டம் அது. மாணவரின் மண் சரியப் போவது நமக்கு இரண்டு சுற்று முன்பே தெரிந்துவிடும். ஒரு விரலை வைத்தால் போதும், நின்றுவிடும். அந்த ஒரு விரலை வைத்ததும் கிண்ணம் பிழைக்கும்; மாணவருக்கு எது தவறியது என்பது தெரியாமலே போய்விடும். நீங்கள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் கிண்ணம் வனைந்து கொடுத்திருக்கிறீர்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நனைந்திருக்கிறார்கள்.

தொடாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்பீர்கள். தொடலாம், ஆனால் தலைகீழாக. மாணவரின் கைமேல் உங்கள் கையை வைக்காதீர்கள்; உங்கள் கைமேல் அவர் கையை வைக்கச் சொல்லுங்கள். மண்ணை மையத்தில் நிறுத்தும்போது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே நடப்பதாகத் தெரியாது. மேலே கைவைத்துப் பார்த்தால்தான், அழுத்தம் விரலில் இல்லை, தொடையில் ஊன்றிய முழங்கையில் இருக்கிறது என்பது தெரியும். மண்ணோடு சண்டை போடாமல், கை ஓரிடத்தில் அசையாமல் நிற்க, மண்தான் அந்தக் கைக்கு வந்து படிகிறது என்பதும் தெரியும். ஒரு நிமிடம் போதும். பிறகு எழுந்துவிடுங்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தன் மண்ணைத் தொடட்டும். கண் ஏமாறும், ஆடுகிற மண்ணை விரல் விடாமல் காட்டிக்கொடுக்கும்.

(இடக்கைக்காரர் யாராவது வகுப்பில் இருந்தால், சக்கரத்தை எதிர்த்திசையில் சுற்றவிட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மின்சக்கரங்களில் அதற்கு ஒரு விசை உண்டு. ஜப்பானில் சக்கரம் வலஞ்சுழியாகவும் மேற்கில் இடஞ்சுழியாகவும் சுற்றுவது பழக்கம். இரண்டிலும் நல்ல பாத்திரங்கள் வந்திருக்கின்றன. திசையில் ஒரு புனிதமும் இல்லை.)

அடுத்தது அறுக்கும் கம்பி. அதைப் பாத்திரத்தைச் சக்கரத்திலிருந்து எடுக்க மட்டும்தான் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். முதல் மூன்று வாரங்களுக்கு வேறொரு வேலைக்குப் பயன்படுத்துங்கள். வனைந்து முடித்த ஒவ்வொரு பாத்திரத்தையும், நன்றாக வந்ததையும் சேர்த்துத்தான், வாயிலிருந்து அடிவரை நேராக இரண்டாக அறுக்கச் சொல்லுங்கள். பத்துப் பேரின் பாதிகளையும் ஒரு பலகையில் வரிசையாக நிறுத்துங்கள். நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம். ஒருவருடைய சுவர் கீழே கட்டைவிரல் தடிமனும் மேலே காகிதமுமாக இருக்கும். இன்னொருவர் அடியில் செங்கல் அளவுக்கு மண்ணை விட்டிருப்பார். ஏன் இவ்வளவு கனம் என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தவருக்குப் பதில் கண்ணெதிரே நிற்கும். நான் அரை மணி நேரம் விளக்கிப் புரியாததை அந்த வெட்டுமுகம் அரை நொடியில் சொல்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

முதல் நாள் அறுக்கச் சொல்லும்போது முகங்கள் சுருங்கும். இரண்டாம் வாரம் தாங்களே கம்பியைத் தேடுவார்கள்.

இதைக் கடைசிவரை கொண்டுபோன ஒருவர் இருந்தார். மார்கரீத்தே வில்டன்ஹைன். 1919இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியின் முதல் மாணவர்களில் ஒருவர். அதன் மண்பாண்டப் பட்டறை இருந்த டோர்ன்பர்க்கில் பயின்றவர். 1940இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, பின்பு கலிஃபோர்னியாவில் பாண்ட் ஃபார்ம் என்ற இடத்தில் 1980வரை கோடை வகுப்புகள் நடத்தினார். கோடை முழுவதும் மாணவர்கள் குறிப்பிட்ட சில வடிவங்களையே திரும்பத் திரும்ப வனைந்துகொண்டிருப்பார்கள். வனைந்தவை சூளைக்குப் போவதில்லை, மறுபடி மண்ணாகும். வெறுங்கையோடுதான் ஊர் திரும்புவார்கள்.

எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. இருந்தாலும் உங்கள் வகுப்பில் அதை அப்படியே செய்யாதீர்கள். அங்கே போனவர்கள் குயவராக வாழ்வதற்காகப் போனார்கள். உங்களிடம் வருகிறவர் நாள் முழுவதும் ஒரு திரையைப் பார்த்துவிட்டு, கையில் ஏதாவது கனமாக, ஈரமாக இருக்க வேண்டும் என்று வருகிறார். அவருக்கு ஒரு குவளை கிடைத்தாக வேண்டும். கோணலாக இருந்தால் இருக்கட்டும், அது அவருடைய கோணலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று வாரம் அறுங்கள். நான்காம் வாரத்திலிருந்து ஆளுக்கு இரண்டை வைத்துக்கொள்ளட்டும். எந்த இரண்டு என்று அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். தேர்வு உங்களுக்குப் பிடிக்காது. பேசாமல் இருங்கள்.

இனி, சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வாரத்தில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொடுக்க முடியும் என்றால் நான் வடிவத்தைச் சொல்லிக்கொடுக்க மாட்டேன், பதத்தைத்தான் சொல்லிக்கொடுப்பேன். மண் எல்லா நேரமும் ஒரே பொருள் அல்ல. குழைவாக இருக்கும்போது எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளும், ஆனால் எதையும் தாங்காது. சற்று இறுகி, அழுத்தினால் வளையாமல், நகத்தால் கீறினால் வழவழப்பாகச் சுருள் விடுகிற பதம் ஒன்று உண்டு. எங்கள் கூடத்தில் அதைத் தோல்பதம் என்போம், தடித்த தோலைப் போல இருப்பதால். அடியைச் செதுக்குவதும் கைப்பிடி ஒட்டுவதும் அந்தப் பதத்தில்தான். அரை நாள் தாண்டிவிட்டால் செதுக்கும் உளியிலிருந்து சுருள் வராது, தூள் கொட்டும். அப்போது கைப்பிடியை எவ்வளவு கீறி, எவ்வளவு மண்குழம்பு தடவி ஒட்டினாலும் பிரிந்துவிடும். ஈரமான கைப்பிடி அதிகம் சுருங்கும், காய்ந்த குவளை அவ்வளவு சுருங்காது. இடையில் இருக்கும் இணைப்பு என்ன செய்யும்? குழைமண் நிலையிலிருந்து கடைசிச் சூடுவரை ஒரு பாத்திரம் பொதுவாகப் பத்து முதல் பதின்மூன்று சதவீதம் சுருங்குகிறது. "என் குவளை சின்னதாகிவிட்டதே" என்று கேட்காத மாணவரே இல்லை. இதைச் சுவரில் எழுதி ஒட்டுவதைவிட, குழைமண்ணில் சரியாகப் பத்து சென்டிமீட்டர் கோடு கீறிய பட்டை ஒன்றை ஒவ்வொருவரையும் செய்ய வையுங்கள். சூளையிலிருந்து வந்ததும் அவர்களே அளந்து பார்க்கட்டும்.

பதம் தெரிந்துவிட்டால் சூளையும் பாதி தெரிந்த மாதிரிதான். இங்கேதான் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பத்தி வருகிறது.

காற்றுக் குமிழி பாத்திரத்தை வெடிக்க வைக்காது. நானும் இதைப் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொன்னவர்கள் சொன்னார்கள், நான் அடுத்தவர்களுக்குச் சொன்னேன். ஒரு மாணவர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் சோதித்துப் பார்த்தேன். இரண்டு கிண்ணங்களை வாயோடு வாய் ஒட்டி, உள்ளே காற்றைத் தவிர எதுவும் இல்லாத முழு உருண்டை ஒன்று செய்தேன். துளை போடவில்லை. இரண்டு மாதம் அலமாரியில் மறந்து போனதுபோல் விட்டுவிட்டு, பிறகு மற்றவற்றோடு சேர்த்து மெதுவாகச் சூடேற்றினேன். எதுவும் ஆகவில்லை. இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. காய்ந்த மண்ணில் நுண்துளைகள் நிறைய; விரிகிற காற்று அவற்றின் வழியாகக் கசிந்து போய்விடுகிறது.

வெடிக்க வைப்பது தண்ணீர். நீராவியானால் தண்ணீரின் கன அளவு ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகும். சுவருக்குள் ஈரம் தங்கியிருக்கும்போதே சூளை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டி வேகமாக ஏறினால், அவ்வளவு நீராவிக்கும் வெளியேற வழி போதாது. தடித்த சுவரில் வெளிப்புறம் வெளுத்துக் காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் இருக்கும். குமிழிக் கதை இவ்வளவு நாள் நிலைத்ததற்கும் காரணம் இதுதான் என்பது என் ஊகம்: சரியாகப் பிசையாத மண்ணைத் தடிமனாகவே செய்வோம், குமிழியில் ஈரம் தேங்கவும் கூடும்; பழி காற்றின் மேல் விழுந்துவிட்டது. பிசைவது வேண்டாம் என்று சொல்லவில்லை. குமிழியுள்ள மண் சக்கரத்தில் கையைத் தட்டிவிடும், சுவர் சீராக எழும்பாது. பிசைய அந்தக் காரணமே போதும்.

காய்ந்ததா என்று பார்க்கப் பழைய சோதனை ஒன்று உண்டு: பாத்திரத்தின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. சந்தேகம் இருந்தால் சூளையை இரவு முழுவதும் 80, 90 டிகிரியிலேயே நிறுத்திவையுங்கள். பொதுக் கூடத்துச் சூளையில் இது இன்னும் முக்கியம். ஒருவருடைய அவசரம் வெடித்து மற்றவருடைய கிண்ணத்துக்குள் போய் விழும். அதன் பிறகும் மெதுவாகவே ஏற்றுங்கள். ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரிக்குள் மண்ணோடு வேதிமுறையில் பிணைந்திருக்கும் நீரும் பிரிந்து போகிறது. தூய வெண்களியில் எடையில் 14 சதவீதம் அந்த நீர்தான். அதுவரை அந்தப் பாத்திரத்தை வாளித் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். அதற்கு மேல் கரையாது. இதை மாணவர்களுக்குக் கட்டாயம் செய்து காட்டுங்கள், ஒரு வாளியில் காய்ந்த கிண்ணம், இன்னொன்றில் சுட்ட கிண்ணம். முதல் கிண்ணம் சிறுசிறு குமிழிகளை விட்டபடி ஓரத்திலிருந்து சரிவதைப் பெரியவர்களும் குழந்தைகளைப் போலக் குனிந்து பார்ப்பார்கள்.

கண்ணாடிப் பூச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆகவே ஒன்று மட்டும்: அடியில் பூச்சு படாமல் துடைக்கும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். பூச்சு உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டிப்போன ஒரு கிண்ணத்தைத் தட்டிப் பெயர்த்தவர் வாழ்நாளுக்கும் துடைப்பார்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது. வகுப்பு முடிந்ததும் தரையைக் கூட்டாதீர்கள். களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் கெடும், அது திரும்பச் சரியாகாது. எட்டு வாரம் வந்து போகிறவரைவிட எப்போதும் அங்கேயே இருக்கும் உங்களுக்குத்தான் அபாயம் அதிகம். ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பாத்திரத்தை உப்புத்தாளால் தேய்க்க யாரையும் விடாதீர்கள். ஈரப் பஞ்சு போதும்.

அந்தக் குவளைக்கு வருகிறேன். துண்டுகளை எறிந்துவிட்டீர்களா? இருந்தால் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஆறும்போது விரிசல் விட்டிருந்தால் ஒன்றோ இரண்டோ நீளமான கூரிய பிளவுகள் இருக்கும், பாத்திரத்தின் வடிவம் அப்படியே நிற்கும். நீராவி வெடித்திருந்தால் சுவரே ஏடு ஏடாகச் சிதறி, துகள்கள் சூளையின் மூலைகள்வரை போயிருக்கும். மூன்று பாத்திரங்களை உடைத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆகவே எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பெண் மண்ணை எவ்வளவு பிசைந்தார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தடிமனான குவளையைக் காயும் முன்பே சூளையில் அடுக்கியது யார்? சூட்டின் வேகத்தைத் தீர்மானித்தது யார்? மாணவர்களிடம் சூளையை ஒப்படைத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அவருடைய எண் உங்கள் பதிவேட்டில் இருக்கும். குறுஞ்செய்தி வேண்டாம், பேசுங்கள். பாத்திரம் வெடித்தது காற்றால் அல்ல, ஈரத்தால் என்றும், சூளையில் வைத்தது நீங்கள் என்றும் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் மற்ற ஒன்பது பேரிடமும் அதே இடத்தில் நின்று அதையே சொல்லுங்கள். அவர் திரும்பி வந்தால், குவளையை முதலிலிருந்து செய்யட்டும். நீங்கள் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

அன்புடன்.